கிராணி விட்டுவிட்ட சொல்

கியா பார்ம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் அப்படி இருமிக்கொண்டு ஓடும் மோட்டார் ஒன்றுதான் உண்டு. எங்கள் கோயில் ஐக்கியக் கூட்டத்தில் கித்தார் வாசிப்பவனுடையது அது. என் தோளில் ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு கம்பளிச் சட்டை, வேதப் புத்தகம். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடியும் முன்பே கோயிலை விட்டு வெளியே வந்து, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் பையை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருந்தேன். உடம்பெல்லாம் கோபமாக இருந்ததால் மேடு தெரியவில்லை.

மோட்டார் என்னைத் தாண்டிப் போய், ஸ்ட்ராபெரி விற்கும் கடைக்கு முன்னால் நின்றது.

"பிரதர், ஏறுங்க லா. ஐயர் உங்களக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு."

எங்கள் சேகரத்துக் குருவானவரைத்தான் ஐயர் என்போம். கீழே டவுனில் இருப்பார். மாதம் ஒருமுறை மேலே வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார்.

"எதுக்கு?"

"கிராணிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டாப் போதுமாம். அடுத்த மாசம் உங்களுக்கும் கொடுக்கறேன்னாரு."

"ஏன், இன்னைக்கு அப்பம் தீந்துபோச்சா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைத் துடைத்துக்கொண்டான். "சூசா பண்ணாதீங்க பிரதர், எனக்குத்தான் தொந்தரவு. ஒரு வார்த்ததானே."

"ஒரு வார்த்ததான். அத அவருதான் முழுங்குனாரு. அவரையே கக்கச் சொல்லு."

"நான் போயி இப்படியே சொல்ல முடியுமா?"

"முடியலன்னா பாட்டாப் பாடு. கித்தார்தான் வெச்சிருக்கியே."

கொஞ்ச நேரம் மோட்டாரை முறுக்கிக்கொண்டே நின்றான். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சீட்டை உருவிக் கொடுத்தான். "மழ வரும். மூடிக்கிட்டுப் போங்க." கொடுத்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனான். அந்த ஐக்கியத்திலிருந்து எனக்குக் கடைசியாகக் கிடைத்தது அந்த பிளாஸ்டிக் சீட்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாகவே மழையைத் தாங்கியது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அந்த எஸ்டேட்டுக்கு நான் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் பேராக்கில் ரப்பர் பால் வெட்டினேன், செம்பனைக்குலை அறுத்தேன், ரயில் ரோட்டில் கல் கொட்டினேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் என் கால் நின்றதில்லை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டத் தெரியும், படிக்கத் தெரியாது. ஞானஸ்நானம் சின்ன வயதிலேயே ஆகியிருந்தது. கிறிஸ்தவனாக இருந்ததற்கு வேறு அடையாளம் கிடையாது.

மலைக்கு வந்ததும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியில் கெலிண்டான் வேலை கிடைத்தது. கெலிண்டான் என்றால் டிரைவருக்கு உதவியாள். மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரியில் இறக்க வேண்டும். சரிவில் லோரி நின்றால் பாய்ந்து இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கட்டை என்பது ஆப்பு மாதிரி செதுக்கிய கனத்த மரத்துண்டு. அது எப்போதும் என் காலடியில் கிடக்கும்.

டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர்தான் என்னை முதல் முறை புதன்கிழமை ஐக்கியக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கூட்டம் பெரிய கிராணி வீட்டு ஹாலில் நடக்கும். கிராணி என்றால் எஸ்டேட் கணக்குப்பிள்ளை; அவர் ஆபீசில் மேனேஜர் துரைக்கு அடுத்த ஆள். ஞாயிற்றுக்கிழமை ஐயர் வராதபோது கோயிலில் ஆராதனை நடத்துவதும் அவரே. பதினைந்து இருபது பேர் வருவோம். கொழுந்து எடுக்கும் பெண்கள், ஃபேக்டரி ஆட்கள், நான். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி இருக்கிறது, பெரியவர்கள் விசுவாசத்தில் வளர வேண்டாமா என்று கிராணி கேட்பார். அதற்காகத்தான் இந்தக் கூட்டம் என்பார். கோப்பியும் பிஸ்கட்டும் உண்டு.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கிராணிதான். கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்து, வரிக்கு அடியில் பென்சிலை நகர்த்திக்கொண்டே போவார். தப்பாகப் படித்தால் அதட்ட மாட்டார். பென்சில் அங்கேயே நிற்கும், நான் சரியாகச் சொல்லும் வரை. எட்டு மாதத்தில் நான் எழுந்து நின்று ஒரு முழு அதிகாரம் படித்தேன். முடித்தபோது கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி ஸ்தோத்திரம் என்று சொல்லி என் முதுகைத் தட்டினாள். எங்கள் கூட்டத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான். முப்பது வயதில் ஒருவனுக்கு அப்படி ஒரு நாள் வருவது சின்ன விஷயமில்லை. இதையெல்லாம் எழுதுவதே அந்தப் பென்சில் காட்டிய எழுத்தில்தான். அதை நினைத்தால் எனக்குக் கோபம் குறைவதில்லை, கூடுகிறது.

கூட்டத்தில் வாரம் ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முன்னால் எப்படி இருந்தோம், கர்த்தர் எப்படி மாற்றினார் என்று. மற்றவர்கள் சாட்சி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். காய்ச்சல் வந்தது, ஜெபித்தோம், போய்விட்டது. என் சாட்சிக்குத்தான் கிராக்கி. கள்ளுக்கடை, சண்டை, செம்பனைத் தோட்டத்தில் மூன்று நாள் மயங்கிக் கிடந்தது எல்லாம் அதில் வரும். டவுனிலிருந்து விருந்தாளிகள் வந்தால் கிராணி என்னைத்தான் எழுப்புவார். "பிரதர், அந்தக் கள்ளுக்கடை சாட்சியச் சொல்லுங்க." நானும் சொல்வேன். போகப் போக ஒரு போத்தல் மூன்றானது, ஒரு நாள் மயக்கம் மூன்று நாளானது. ஆட்கள் அழுதால் எனக்குப் பிடித்திருந்தது. கூட்டிச் சொல்கிறேன் என்று கிராணிக்குத் தெரியும். ஒருமுறைகூட அவர் பென்சிலை நிறுத்தவில்லை.

விபத்து நடந்த அன்று காலை, ஆபீஸ் ஜன்னல் பக்கத்தில் நானும் அண்ணனும் நின்றிருந்தோம்.

"ஐயா, பிரேக் பிடிக்கல," என்றார் அண்ணன். "மிதிச்சா பெடலு தரைக்குப் போவுது. போன வாரமே சொன்னேன்."

கிராணி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். "சாமானுக்கு எழுதிப் போட்டிருக்கேன் பிரதர். இன்னைக்கு மட்டும் மெதுவா ஓட்டுங்க. கர்த்தர் பாத்துக்குவாரு."

மூன்றாவது நடையில், மூட்டைகளுக்கு மேல் ஆறு பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஏறக் கூடாது என்பது சட்டம். நடந்தால் ஒரு மணி நேரம் என்பதால் எல்லோரும் ஏறுவார்கள், கிராணியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஃபேக்டரிக்கு இறங்கும் வளைவில் அண்ணன் மிதித்தார். எதுவும் பிடிக்கவில்லை. "கட்டயப் போடு" என்றார். குதித்தேன், பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வீசினேன். சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். லோரி சாய்ந்தது. ஐந்து பேருக்குச் சிராய்ப்பு. ஆறாவது ஆள் என் முதுகைத் தட்டிய அந்த அக்கா. அவள் கால் லோரியின் பக்கப் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மழை இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரை விசாரணை வைக்கப் போகிறார் என்று மறுநாளே பேச்சு வந்தது. டிரைவர் மேல் குற்றம் என்றால் அண்ணனுக்கு வேலை போகும், போலீசுக்கும் போகும். வேலை போனால் லைன் வீடும் போய்விடும். அவருக்கு நான்கு பிள்ளைகள். மனைவியும் கொழுந்து எடுப்பவள். ஒரு மாதத்துக்குள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் பதில் ஒரே கேள்வியில் இருந்தது: பிரேக் இல்லை என்று கிராணிக்குத் தெரியுமா, தெரியாதா. அந்த ஜன்னலில் நின்றது நாங்கள் மூன்று பேர்தான்.

அந்தப் புதன்கிழமை கூட்டம் வழக்கம்போல நடந்தது. அக்காவின் காலுக்காக உருக்கமாக ஜெபித்தோம். பிரேக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சாட்சி நேரம். கிராணி அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் எழுந்தார். கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகின.

"என் கவனக்கொறவால நம்ம சகோதரிக்கு இப்படி ஆயிப்போச்சு. கர்த்தர் என்னை மன்னிக்கணும். நீங்களும் மன்னிக்கணும்."

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். சிலர் அழுதார்கள். கிராணி எழுந்து வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தார்.

வெளியே செருப்புப் போடும்போது அண்ணனைப் பிடித்தேன்.

"என்னண்ணே இது?"

"கத்தாத."

"பெடலு தரைக்குப் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒத்துக்கிட்டா போலீசுக்குப் போகாம பாத்துக்கறேன்னாரு. வீட்டப் பத்தியும் துரைகிட்டப் பேசறேன்னாரு."

"பேசுவாரா?"

"எனக்கு நாலு புள்ளைங்கடா. உனக்கு ஒரு பையி."

சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். 

விசாரணைக்கு முதல் நாள் கிராணி என்னை ஃபேக்டரிக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார். குரல் படிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது இருக்கும் அதே குரல்.

"பிரதர், நாளைக்கு நீங்களும் வரணுமாமே. என்ன சொல்லப் போறீங்க?"

"பாத்ததச் சொல்லுவேன் ஐயா. சாட்சி சொல்ல நீங்கதானே கத்துக் கொடுத்தீங்க."

"அது வேற, இது வேற. அது தேவனுக்கு முன்னால. இது ஆபீஸ் விஷயம்."

"தேவனுக்கு ஆபீஸ்ல வேல இல்லீங்களா?"

அவர் முகம் மாறியது. "டிரைவர் பிரதரே தாழ்மையா ஒத்துக்கிட்டாரு. நீங்க அவருக்கு மேல நீதிமானா? பெருமை வந்துருச்சு உங்களுக்கு. நாலு வரி படிக்கத் தெரிஞ்சதும் வர்ற பெருமை." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்குத்தான் எனக்குக் கை ஓங்கத் தோன்றியது, பேச்சுக்கு அல்ல.

அப்போதிருந்த துரை வெள்ளைக்காரர், புதிதாக வந்தவர். முந்திய துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் வராது. நாங்கள் சொல்வதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? பெரிய கிராணி. அவர் செய்ததைப் பற்றிய விசாரணையில் என் வாய் அவரிடமே இருந்தது. அந்த அறையில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. துரை பேச்சைக் கிராணி தமிழாக்குவதும், எங்கள் பேச்சை இங்கிலீஷாக்குவதும் எங்களுக்குக் காலையில் சங்கு ஊதுவது மாதிரி. யார் கேட்பார்கள்?

அண்ணன் முதலில் பேசினார், தப்பு தன்னுடையது என்று நான்கு சொற்கள். பிறகு நான்.

"காலையில பிரேக் பிடிக்கலன்னு டிரைவரண்ணன் கிராணிகிட்டச் சொன்னாரு. பிரேக் பெடலு தரைக்குப் போவுதுன்னாரு. பிரேக் சாமானுக்கு எழுதிப் போட்டிருக்கேன்னு கிராணி சொன்னாரு. பிரேக் இல்லாமத்தான் ஓட்டச் சொன்னாரு."

கிராணி துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் லோரியில் வேலை செய்பவனுக்கு சில சொற்கள் தெரியும். கிளட்ச், கியர், ரோடு, ரெயின். பிரேக்குக்குத் தமிழிலும் பிரேக்தான், இங்கிலீஷிலும் பிரேக்தான். நான் அந்தச் சொல்லை நான்கு முறை சொன்னேன். கிராணி பேசி முடித்தார், அதில் ஒரு பிரேக்குகூட இல்லை. ரெயின் இருந்தது. ரோடு இருந்தது. நான் சொல்லாத மழையை என் வாயிலிருந்து எடுத்து துரைக்குக் கொடுத்துவிட்டார். அத்தனை படித்தவர் இந்த ஒரு சொல் எனக்குக் கேட்கும் என்று நினைக்கவில்லை. பென்சில் வைத்து எழுத்தெழுத்தாகக் கேட்கப் பழக்கியதே அவர்தான், மறந்துவிட்டார்.

"துரே," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நோ ரெயின். பிரேக். நோ பிரேக். மார்னிங் டிரைவர் ஸ்பீக் கிராணி."

துரை என்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். கிராணி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். துரை சிரிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் கேட்டார்.

"பிரேக்?"

இதை மொழிபெயர்க்கக் கிராணியால் முடியாது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதன்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னதை இப்போது அவரே மாற்ற வேண்டும்.  பிறகு வலது காலைத் தூக்கி, ஆபீஸ் தரையில் அழுத்தி மிதித்தார். கீழே போனதும் கையை விரித்தார். மறுபடி மிதித்தார், மறுபடி கையை விரித்தார்.

துரை எழுந்து வெளியே போனார். ஃபேக்டரிக்குப் பின்னால் இழுத்து வந்து நிறுத்தியிருந்த லோரியில் ஏறி, தன் காலாலேயே மிதித்துப் பார்த்தார். நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். கிராணி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

முடிவு இதுதான். போலீசுக்குப் போகவில்லை. அண்ணனிடமிருந்து லோரியை எடுத்துவிட்டார்கள், ஃபேக்டரியில் வேலை கொடுத்தார்கள். வீடு நின்றது. கிராணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு துரை கொடுத்த ஏச்சு மட்டும். மறுநாளும் அதே நாற்காலி. அக்காவுக்குக் கால் போனது போனதுதான்.

அண்ணன் என்னோடு பேசவில்லை. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் ஒருமுறை எதிரில் வந்தபோது மட்டும் சொன்னார்: "வீடு நின்னுச்சு. சரி. ஆனா கூட்டத்துல நான் பொய்ச் சாட்சி சொன்னவன்னு ஆயிட்டேன்ல. எம் பொண்டாட்டி மூஞ்ச எங்க வெச்சுக்குவா?" கிராணியை யாரும் பொய்ச் சாட்சி என்று சொல்லவில்லை. அவர் சொன்னது இங்கிலீஷில் அல்லவா.

அந்த ஞாயிறு ஐயர் வந்தார். ஆராதனைக்கு முன் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், களைத்த மனிதர். நான்கு எஸ்டேட் சுற்ற வேண்டும்.

"சகோதரனோட மனஸ்தாபம் இருக்கும்போது நற்கருணைப் பந்திக்கு வரக்கூடாதில்ல. மொதல்ல கிராணிகிட்ட ஒப்புரவாகிடுங்க."

"மனஸ்தாபம் எனக்கு மட்டும்தானுங்களா ஐயர்? அவரு வருவாரா பந்திக்கு?"

"அவரு மனசு புண்பட்டிருக்கு. உங்களுக்கு எழுத்தறிவிச்சு வளத்தவரு."

"அக்கா கால நீங்க போயிப் பாத்தீங்களா?"

"அடுத்த வாரம் போறேன்," என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

நற்கருணைக்கு முதலில் போய் முழங்கால் போட்டவர் கிராணி. அவருக்கு அடுத்து அண்ணன், அடுத்து அவர் மனைவி. நான் பின் பெஞ்சில் நின்றேன். அக்கா இல்லாததால் பாட்டு எடுக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு சுருதியில் பாடிக்கொண்டிருந்தார்கள். கிராணி கையேந்தியதைப் பார்த்தேன். அண்ணன் திரும்பிப் பார்ப்பார் என்று ஒரு அடி பாட்டு முடியும் வரை காத்திருந்தேன். திரும்பவில்லை. வெளியே வந்துவிட்டேன். ஒரு நொடியில் எடுத்த முடிவு இல்லை அது. ஒரு கால் இல்லாத பெண்ணையும் இரண்டு கால் மடக்கி நிற்கும் கிராணியையும் ஒரே கூரைக்கு அடியில் என்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை.

பெரியவர்கள் வளர வேண்டும் என்று வைத்த கூட்டம் அது. நான் கொஞ்சமாவது வளர்ந்தேன் என்றால், கூட்டிச் சொல்லாமல் ஒரு சாட்சி சொன்னேன், அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த கூலி இந்த ரோடு.

மழை கியா பார்முக்கு அப்பால் பிடித்தது. பிளாஸ்டிக் சீட்டைப் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நான் நனைந்துகொண்டே நடந்தேன். வேதப் புத்தகத்தை ரோட்டில் எறிந்துவிடலாம் என்று ஒரு வளைவில் தோன்றியது. எறியவில்லை. அது கிராணி வாங்கிக் கொடுத்தது இல்லை, அக்கா வாங்கிக் கொடுத்தது. கம்போங் ராஜா போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு காய்கறிக் கொட்டகையில் கோஸ் கூடைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன்.

காலையில் அந்தக் கொட்டகையின் சீன முதலாளி, தவுக்கே என்போம், வந்து காலால் என் பையைத் தொட்டுப் பார்த்தான். வேலை தெரியுமா என்று மலாயில் கேட்டான். லோரி கெலிண்டான் என்றேன். அவனுடைய கெலிண்டான் பெருநாளுக்குப் போனவன் திரும்பவில்லையாம். ஈப்போ பாசார் சந்தைக்கு அன்றே கோஸ் போக வேண்டும்.

லோரி வெளியே இறக்கத்தில் நின்றது. நான் நேராக டிரைவர் சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்தேன். பாதியில் கல் மாதிரி நின்றது. இன்னொரு முறை மிதித்தேன். தவுக்கே சிரித்தான்.

"லூ டிரைபர்கா, கெலிண்டான்கா?"

நீ டிரைவரா, கெலிண்டானா என்று கேட்கிறான். கெலிண்டான்தான் என்று சொல்லி இறங்கினேன். அவன் சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தான். புதுக் கட்டை, விளிம்பு இன்னும் தேயவில்லை. அதைப் பின் சக்கரத்துக்குக் கீழே நன்றாகச் செருகிவிட்டு, முதல் கூடையைத் தூக்கினேன்.